தள்ளாடாமல் நின்றதுதான் உங்களுக்கு எதிரான சாட்சி

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு ஓர் இரவு வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். பிறகு ரத்தப் பரிசோதனையில் 100 மில்லிக்கு 210 மில்லிகிராம் ஆல்கஹால் என்று வந்தது. ஆனால் நான் தள்ளாடவில்லை, தெளிவாகப் பேசினேன் என்று போலீஸ் அறிக்கையிலேயே இருக்கிறது. தடைக்காலம் முடிந்த பிறகும், மருத்துவத் தகுதிப் பரிசோதனையில் தேறினால்தான் லைசென்ஸ் என்கிறார்கள். போட்டுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். ஒருநாள் குடித்ததற்குக் குடிநோயாளி முத்திரையா? இன்னும் பத்து நாளில் பரிசோதனை. அதுவரை தொடாமல் இருந்தால் ரத்தம் சுத்தமாகிவிடும் என்கிறார் நண்பர். அல்லது மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, ரத்தத்தில் இருந்த அளவு மாறாது. ஒருநாள் குடித்ததற்கான தண்டனையும் முடிந்துவிட்டது. இப்போது கேட்கப்படுவது வேறு: இன்றைய நிலையில் உங்கள் குடிப்பழக்கம் வண்டி ஓட்டத் தகுந்த கட்டுக்குள் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் இதற்கு மட்டும் பதில் இல்லை.

தள்ளாடவில்லை என்பதை உங்கள் பக்கத்து வாதமாக நினைக்கிறீர்கள். தயவுசெய்து அதை மனுவில் எழுதாதீர்கள். எப்போதாவது குடிப்பவருக்கு 210 ஏறினால் நாக்கு குழறும், கால் நிற்காது. அந்த அளவிலும் ஒருவர் நிதானமாகப் பேசினார் என்றால், உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்றுதான் மருத்துவர் படிப்பார். பிரிட்டனில் 200 மில்லிகிராமை எட்டியவருக்கும், ஜெர்மனியில் 1.6 புரோமிலை (ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு ஆல்கஹால்) எட்டியவருக்கும் முதல் தடவையே ஆனாலும் தகுதிப் பரிசோதனை வைப்பது இதனால்தான். அந்த அறிக்கையை நீங்களே முன்னால் எடுத்துவைத்தால், எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம்.

அடுத்து உங்கள் நண்பரின் யோசனை. பத்து நாளில் மூச்சும் சிறுநீரும் சுத்தமாகும், சரி. ஆனால் மருத்துவர் தேடுவது நேற்றுக் குடித்ததை அல்ல. ரத்தத்தில் பார்க்கும் சிடிடி என்ற குறியீடு, இரண்டு வாரமாவது தினமும் கணிசமாகக் குடித்தால் ஏறுவது. அது பாதியாக இறங்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பெத் என்ற ரத்தப் பரிசோதனை சுமார் நான்கு வாரம் பின்னோக்கிக் காட்டும். தலைமுடி எடுத்தால், மூன்று சென்டிமீட்டரில் மூன்று மாதக் கதை இருக்கும். ஆக, பத்து நாள் நிறுத்துவது பலன் தராது.

பலன் தராவிட்டால்கூடப் பரவாயில்லை, ஆபத்து அதைவிடப் பெரியது. வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர், தினமும் குடித்துவந்தவர், பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பு யாரிடமும் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாள் இரவு குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். மருத்துவமனையிலிருந்து வரும்போது கொடுத்த சீட்டில் ஒரே வரி: "மதுவைத் திடீரென நிறுத்தியதால் வந்த வலிப்பு." அந்தச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "இது லைசென்ஸ் கோப்புக்குப் போகாது இல்லையா?" என்று கேட்டார். போகும். போனது. அந்த ஒரு வரியால் குடிக்கு அடிமை என்பதும் உறுதியானது, வலிப்பு வந்தவர் என்பதும் சேர்ந்துகொண்டது. பல நாடுகளில் வலிப்புக்கென்று தனித் தடைக்காலம் உண்டு. அவர் சில மாதத்தில் முடித்திருக்க வேண்டிய விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

தினமும் நிறையக் குடிப்பவருக்குக் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் இப்படி வலிப்பு வரலாம். நீங்கள் அந்த ரகமா என்று எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். நடுங்கினால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். லைசென்ஸ் அப்புறம்.

இன்னொன்று, படிவம். "எவ்வளவு குடிப்பீர்கள்?" என்ற கேள்விக்கு எல்லோரும் "எப்போதாவது" என்று எழுதுகிறார்கள். வயிற்றுவலிக்குப் போனபோது உங்கள் குடும்ப மருத்துவர் குறித்துவைத்தது என்ன என்று யோசித்துப் பார்த்தீர்களா? அங்கே "தினமும் மூன்று பெக்" என்றிருந்து, இங்கே "எப்போதாவது" என்றிருந்தால், பிரச்சினை குடியிலிருந்து பொய்க்கு மாறிவிடும். குடித்தவருக்குத் திருந்தும் வாய்ப்பு தருவார்கள். பொய் எழுதியவர் பிறகு "நிறுத்திவிட்டேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பழைய மருத்துவக் குறிப்புகளின் நகலை வாங்கிப் படித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

போராட இடமே இல்லையா என்றால், ஓர் இடம் உண்டு. ஜிஜிடி என்ற கல்லீரல் குறியீட்டை மட்டும் வைத்து உங்களைத் தள்ளினால் விடாதீர்கள். கொழுப்புக் கல்லீரலிலும், வலிப்புக்கான சில மாத்திரைகளாலும் அது ஏறும். குடியைக் காட்டும் இன்னொரு குறியீடான ரத்தச் சிவப்பணுவின் பருமனும் அப்படித்தான். பி12 குறைந்தாலே பெரிதாகும். அப்போது சிடிடியோ பெத்தோ எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மற்றபடி மேல்முறையீடு வேண்டாம். பத்து நாளில் வரும் பரிசோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லி இன்றே எழுதுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் குடியை நிறுத்தி, ஆறு மாதம் முறையாகப் பரிசோதித்து, அந்த முடிவுகளோடு போங்கள். ஆரம்பத்தில் குறுகிய காலத்துக்கோ நிபந்தனையோடோ லைசென்ஸ் தருவதாகச் சொன்னால், கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஒருநாள்கூட, தெருமுனை வரைக்கும்கூட, வண்டியைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டுவிட்டு வந்தால், அந்த ஆறு மாத முடிவுகளை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது.