உப்பு போட்டீர்களா? குட்டை டிஎன்ஏ இழைகள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

ஆறாம் படிவ மாணவி: இரண்டு குட்டை இழைகள் நீரில் ஒன்றையொன்று எப்படித் தேடிப் பிடிக்கின்றன?

தேடுவதில்லை, தங்கச்சி, மோதுகின்றன. பெரும்பாலான மோதல்கள் வீண். ஒன்றில் மூன்று நான்கு எழுத்துகள் (டிஎன்ஏயின் நான்கு வேதி அலகுகள்; ஏ டி-யோடும் ஜி சி-யோடும் ஜோடி சேரும்) சரியாக அமைந்துவிட்டால் பிடி கிடைக்கிறது. மீதி ஜிப் போல மூடிக்கொள்ளும். இழைகள் எதிரெதிர்த் திசையில்தான் இணையும். அப்புறம், வெறும் நீரில் முயன்றுவிட்டு ஒட்டவில்லை என்று வராதீர்கள். உப்பு போட்டீர்களா?

கல்லூரி மாணவர்: உப்பு எதற்கு?

இழையின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. மெக்னீசியத்துக்கு இரட்டை மின்னூட்டம் என்பதால் மிகக் குறைந்த அளவே போதும்.

ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர்: ரப்பர் பாலும் அப்படித்தானே? ஆசிட் விட்டால் உறைகிறது. இதற்கும் அதையே விடலாமே?

ஐயா, நாள் முழுக்க வந்த கேள்விகளில் இதுதான் கேள்வி! பால் துகள்களுக்கும் எதிர்மின்னூட்டம்தான். ஃபார்மிக் அமிலம் அதை நீக்கியதும் அவை கட்டியாகின்றன. ஆனால் டிஎன்ஏயில் அமிலம் முதுகெலும்பை விட்டுவிட்டு எழுத்துகளைப் பிடிக்கும். சி, ஏ இரண்டும் புரோட்டானை ஏற்றுக்கொண்டு தம் ஜோடியை விட்டுவிடும். சூடும் சேர்ந்தால் ஏ, ஜி எழுத்துகள் இழையிலிருந்தே கழன்று விழும். ஆகவே உப்புதான்.

ஆசிரியர்: எந்த வெப்பநிலையில் பிரியும்?

ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 பாகை செல்சியஸ், ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 பாகை கூட்டுங்கள். ஒன்பதும் ஒன்பதுமாக 18 எழுத்தென்றால் 54. இது தோராயம், 20 எழுத்துக்கு மேல் நம்பாதீர்கள். எழுத்துகளின் வரிசையும் முக்கியம். அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும் வலிமையே பெரும்பங்கு. அண்டை ஜோடிகளை வைத்துக் கணக்கிடும் முறையில் உப்பின் அளவையும் கேட்பார்கள்.

இன்னொருவர்: என் 16 எழுத்து இழை எத்தனை பாகையில் பிரியும்?

மேலே பார்க்கவும்.

மற்றொருவர்: 17 எழுத்தென்றால்?

கூட்டத் தெரியுமல்லவா, தம்பி?

ஒரு தாயார்: மகனுக்குப் பரம்பரை நோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மருத்துவரிடம் போங்கள், அம்மா. என் வேலை சோதனைக்குழாயோடு முடிகிறது.

மாணவர்: என் பிரைமர்கள் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டை இழைகள்) தமக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன.

3′ முனைகளை, அதாவது நகல் வளரும் முனைகளை, ஒப்பிடுங்கள். கடைசி நாலைந்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்தால் வேறு பிரைமர் எழுதுங்கள்.

மீண்டும் பால்வெட்டுக்காரர்: அப்படியானால் பால் உறையாமலிருக்க விடும் அம்மோனியாவை விட்டால்?

விடமாட்டீர்கள் போலிருக்கிறதே, ஐயா! காரம் மிகுந்தால் ஜோடிகள் பிரியும், ஆனால் இழை அறுந்துபோகாது. குட்டை இழைகளைச் செயற்கையாகக் கட்டுகிறவர்கள் கடைசியில் அவற்றை அம்மோனியாவில் ஊறவைத்துத்தான் கழற்றி எடுக்கிறார்கள்.

அதன் பிறகு உப்பு.