மை போட்டுப் பார்த்த கதை

கேள்வி: சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய அமெரிக்கப் பணக்காரர் எப்ஸ்டைனின் வழக்கு ஆவணங்களில் அமெரிக்க நீதித்துறை கருப்பு மை பூசி மறைத்த வரிகளை, சும்மா காப்பி-பேஸ்ட் செய்தே பலர் படித்துவிட்டார்களாமே? வல்லரசுக்கு ஒழுங்காக மை பூசக்கூடத் தெரியாதா?

— வாசகர் ஒருவர், விருத்தாசலம்

பதில்: ‘கருப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ‘கறுப்பு’ கட்சி. எங்கள் பிழைதிருத்துநர் ‘இரண்டும் சரி’ கட்சி. பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை முறிந்து கிடக்கிறது. அதனால் அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போகிறேன்: மை.

மை பூசினால் எழுத்து மறையும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் பாட்டன் பூட்டன்மார் எழுத்தைப் படிப்பதற்காகத்தான் மை பூசினார்கள். எழுத்தாணியால் ஓலையில் கீறியது வெறும் கீறல். எளிதில் கண்ணுக்குப் பிடிபடாது. விளக்குக்கரியைக் குழைத்து ஓலை முழுக்கத் தடவித் துணியால் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து துலங்கி நிற்கும். மையாடுதல் என்று இதற்குப் பெயர். வாஷிங்டன்காரர்கள் 2025 டிசம்பரில் செய்தது சுத்தமான மையாடல். எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. பட்டை போட்டுக் காட்டிக்கொடுத்தார்கள்.

இன்னொரு மையும் நம்மிடம் உண்டு. பொருள் களவுபோனால் வெற்றிலையில் மை தடவிக் களவாணியின் முகத்தைப் பார்ப்பது. என் சிறுவயதில் அத்தை வீட்டுச் செப்புக்குடம் காணாமல் போனது. மைக்காரர் வந்தார். வெற்றிலையை ஒரு பையன் கையில் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொன்னார். அவன் பார்த்துவிட்டு, “மீசை வச்ச ஆளு, கிழக்க போறாரு, தோள்ல பை இருக்கு” என்றான். ஊரில் தோளில் பையோடு தினமும் கிழக்கே போகிற மீசைக்காரர் ஒருவர்தான், தபால்காரர். பாவம், இரண்டு வருடம் அத்தை அவருக்கு மோர்கூடக் கொடுக்கவில்லை. மணியார்டர் வந்தால் நோட்டை மூன்று தடவை எண்ணுவார். மூன்றாம் கோடையில் கிணறு தூர்வாரினார்கள். குடம் சேற்றுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அத்தை அதைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், தபால்காரருக்கு மறுநாளிலிருந்து மோரில் பெருங்காயம் சேர்த்துக் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை.

சரி, பிடிஎஃப். அந்தக் கோப்பில் எழுத்தின் மேல் ஒரு கறுப்புப் பட்டையை வரைந்தால் அது தூங்குகிறவன் மேல் போர்த்திய ஜமக்காளம். ஆள் உள்ளேதான் இருப்பான். மவுஸால் இழுத்து நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் எழுந்து உட்காருவான். எழுத்தையே கோப்பிலிருந்து நீக்க வேண்டும். அது தெரியாதென்றால் தாளில் அச்செடுத்து, அடித்து, ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதும் மார்க்கர் பேனா கெட்டியாக இருக்க வேண்டும். 1962 தேர்தல் முதல் நம் விரலில் வைக்கிற மைசூர் மையில் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கலாம்.

தெரியாமல் நடந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2005 மார்ச்சில் பாக்தாத் விமான நிலையச் சாலையில் இத்தாலிய உளவு அதிகாரி நிகோலா கலிபாரியை அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு அமெரிக்க ராணுவம் வெளியிட்ட விசாரணை அறிக்கையிலும் இதே கறுப்புப் பட்டை. இத்தாலிக்காரர்கள் இதே காப்பி-பேஸ்ட்டில் சிப்பாய்களின் பெயர் உட்பட எல்லாவற்றையும் படித்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, பிடிஎஃப்பில் எப்படி மறைப்பது என்று படிப்படியாக விளக்கி ஒரு வழிகாட்டியே எழுதியது. 2009இல் அதே அரசின் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, பயணிகளைச் சோதிக்கும் ரகசியக் கையேட்டை அதே பட்டையோடு இணையத்தில் போட்டது. 2011இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் அணுசக்தி நீர்மூழ்கிகள் பற்றிய அறிக்கையில் இதையே செய்தது. வழிகாட்டிக்கு இருபது வயது நிறைந்த மாதத்தில் எப்ஸ்டைன் ஆவணங்கள் வந்தன. அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கையை யார் படிக்கிறார்கள்? கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவார்கள்.

எனக்குப் பிடித்த கதை வேறு. எப்ஸ்டைனின் கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல் 2016இல் ஒரு சிவில் வழக்கில் கொடுத்த வாக்குமூலத்தை 2020 அக்டோபரில் நீதிமன்றம் வெளியிட்டது. பெயர்களைக் கவனமாக அடித்திருந்தார்கள். ஆனால் கடைசியில் இருந்த சொல்லடைவை, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியலை, மறந்துவிட்டார்கள். அதிலும் பெயர்களை அடித்திருந்தார்கள்தான். அகரவரிசையும் பக்க எண்ணும் அப்படியே நின்றன. அடித்த சொல்லுக்கு முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று பார்த்தே பத்திரிகைக்காரர்கள் பல பெயர்களைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போதாவது தமிழ்ப் பதிப்பாளர்களுக்குப் புரிகிறதா? முப்பது வருடமாகக் கத்துகிறேன்: அறுநூறு பக்கப் புத்தகம் போடுகிறீர்கள், பின்னால் நாலு பக்கம் சொல்லடைவு போட்டால் குடியா முழுகிவிடும்? “சார், பேப்பர் விலை” என்பார்கள். அதே புத்தகத்தில் முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை என்று நாற்பது பக்கம் இருக்கும். ஒருவர் என்னிடம் சொன்ன காரணம்: “சொல்லடைவு போட்டா தன் பேர் எங்க வருதுன்னு மட்டும் பாத்துட்டு வச்சிருவாங்க, வாங்க மாட்டாங்க.” அவர் பதிப்பகத்தின் புத்தகங்களை அதற்குப் பிறகு நான் மதிப்புரைக்கு எடுத்துக்கொள்வதில்லை. அவர் அனுப்புவதும் இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2025 நவம்பர் 19 அன்று கையெழுத்தான சட்டம் முப்பது நாளில் ஆவணங்களை வெளியிடச் சொன்னது. யாருக்காவது சங்கடமாகும், பெயர் கெடும், அரசியல் சிக்கலாகும் என்பதற்காக எதையும் மறைக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தை மறைக்கலாம் என்றும் சொன்னது. 2026 ஜனவரிக் கடைசியில் முப்பது லட்சம் பக்கங்களுக்கு மேல் கொட்டினார்கள். அதில் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலரின் பெயர்கள் மூடாமல் கிடந்தன. அவர்களின் வழக்கறிஞர்கள் கூச்சல் போட்ட பிறகு ஆயிரக்கணக்கான ஆவணங்களைத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கு இது வேடிக்கை இல்லை. இணையத்தில் ஒரு மணி நேரம் இருந்த பெயரை எந்த இயந்திரமும் திரும்ப எடுக்காது. மற்றப் பட்டைகளைப் பார்த்து நான் சிரிக்கலாம், இதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. யாருக்காக மை எடுத்தார்களோ அவர்கள் மேல் மட்டும் பூச மறந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கார்டில் கேள்விக்குக் கீழே ஒரு வரி எழுதி, பேனாவால் நாலு தடவை அழுத்தி அடித்திருந்தீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். “பதில் சுருக்கமாக இருக்கட்டும், போன மாதம் போல் இழுக்க வேண்டாம்” என்று இருந்தது.