ஜிம்பாப்வே கற்சிலை – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹராரேயில் வேலை பார்த்த நண்பர் ஒரு கற்சிலை கொண்டுவந்து தந்தார். கன்னங்கரேலென்று பளபளக்கிறது. அவர் மாக்கல் என்கிறார். மனைவி கருங்கல் என்கிறாள். எது சரி? எதுவானாலும், ஆயிரம் ஆண்டு அறுபடாத பழங்குடி மரபு ஒன்று என் மேஜைமேல் இருப்பது சிலிர்ப்பாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

இரண்டும் இல்லை. நகத்தால் கீறினால் மாக்கல்லில் தடம் விழும், உங்களுடையதில் விழாது. அநேகமாக அது ஸ்பிரிங்ஸ்டோன், செர்பென்டைன் கற்களில் கெட்டியான வகை. கல் விசாரணை இத்துடன் போதும்.

அந்தக் கறுப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நீர் ஊற்றி உப்புத்தாள் போட்டு முடித்த கல் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அதைத் தீயில் சூடாக்கி மெழுகைத் தடவுவார்கள். நான் பார்த்தபோது, துணி போன வழியெல்லாம் நிறம் இருண்டுகொண்டே போனது. மெழுகு படாத உளித்தடங்கள் வெளிறியே நின்றன. சிலையின் தலைமுடிக்கு அந்த வெளிறலையே வைத்துக்கொண்டார் சிற்பி. கல்லின் துருநிற மேல்தோலையும் ஒரு பக்கம் செதுக்காமல் விட்டிருந்தார்.

ஆனால் ‘ஆயிரம் ஆண்டு மரபு’ என்கிறீர்களே, அதுதான் எரிச்சலூட்டுகிறது. மகா ஜிம்பாப்வே என்ற பழைய நகர இடிபாடுகளில் கிடைத்த மாக்கல் பறவைகள் பழையவைதான், யார் மறுத்தார்கள்? அவற்றிலிருந்து உங்கள் மேஜைவரை அறுபடாத கோடு எதுவும் கிடையாது. 1957-இல் சாலிஸ்பரியில், அதாவது இன்றைய ஹராரேயில், தேசியக் கலைக்கூடம் திறந்தது. அதன் முதல் இயக்குநர் பிராங்க் மெக்யூவன் உள்ளூர்க் கலைஞர்களை ஊக்குவித்தார். விவசாய அலுவலராக இருந்த ஜோரம் மரிகா கல்லில் செதுக்கிக்கொண்டிருந்தார். 1965-இல் அங்கிருந்த வெள்ளையர் அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவிக்க, பொருளாதாரத் தடை வந்தது, புகையிலை விற்கவில்லை. டாம் புளோம்ஃபீல்ட் என்ற புகையிலைப் பண்ணைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உங்கள் நிலத்திலேயே கல் கிடக்கிறதே என்று காட்டியவர் கிறிஸ்பன் சகனியூகா என்ற சிற்பி. 1966-இல் டெங்கெனெங்கே என்ற சிற்பிகள் கிராமம் பிறந்தது இப்படித்தான்.

அங்கே உளி பிடித்தவர்கள் யார்? பலர் மலாவியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். பெர்னார்ட் மடெமெரா டிராக்டர் ஓட்டியவர். பிழைப்பு போன இடத்தில் புதிதாக ஒரு கலையை உண்டாக்கியவர்களைத் தூக்கிப் ‘பழங்குடி மரபு’க்குள் போட்டு மூடுகிறோம். அன்பாகத்தான் செய்கிறோம், ஆனால் ஆளைக் காணாமல் ஆக்கிவிடுகிறோம். உங்கள் கடிதத்தில் நண்பர் வருகிறார், மனைவி வருகிறார், செய்தவர் எங்கே?

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சிலையை ஆசையாக வைத்திருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பெயரைக் கீறியிருப்பார்கள். இருந்தால் எழுதுங்கள்.