இராமநாதபுரம் கடற்கரையில் இரு பெண்கள் இணையேற்பு விழா நடத்தலாமா?

உச்சிப்புளிப் பக்கம், உறவினர் முன்னிலையில் இரு பெண்கள் மாலை மாற்றிக்கொள்ள என்னென்ன ஏற்பாடுகள் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். விழா நடத்துவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆயினும், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி தன்பாலினத் திருமணத்தைப் பதிவு செய்ய வழியில்லை. ஆகவே பந்தலுக்கு முன் பத்திரங்களைக் கவனியுங்கள்: இருவரும் தனித்தனியே இரண்டு சாட்சிகளுடன் உயில் எழுதுவதும், 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியபடி வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கி ஒருவர் மற்றவரை நாமினியாகக் குறிப்பிடுவதும், தாலியைவிடப் பயன்தரும் என்பது என் கருத்து. வீட்டார் மிரட்டினால், திருமணம் இன்றியும் குடும்பமாக வாழலாம் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதைக் காவல் நிலையத்தில் எடுத்துக்காட்டலாம்.

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி மழையும் ஆடிக் காற்றும் பந்தலை நிற்கவிடா. தனுஷ்கோடியில் இருட்டிய பின் தங்க விடுவதில்லை என்பதால் மாலைநேர விழாவுக்கு உச்சிப்புளி அருகிலுள்ள அரியமான் கடற்கரையே ஏற்றது. தனுஷ்கோடிக்காரர்கள் பெண்கடல் என்று அழைக்கும் அமைதியான வடபுறக் கடல் அங்கேயும் இருப்பது தற்செயல்தான். சமையற்காரரிடமும் புகைப்படக்காரரிடமும், இணைபவர்கள் இருவரும் பெண்களே என்பதை முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். விருப்பமில்லாதவர் அப்போதே விலகிக்கொண்டால் வேறு ஆள் தேட அவகாசம் இருக்கும்.