கம்பூட்ஸ் போட்டும் படகில் வழுக்குகிறதே, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. நாகப்பட்டினத்திலிருந்து தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகும் விசைப்படகில் வேலை செய்கிறார். இத்தனை வருடம் வெறுங்கால்தான். போன முறை மடியை (இழுவலையை) ஏற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. ஹார்டுவேர் கடையில் கறுப்பு கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். 'இதைப் போட்டால்தான் கூட வழுக்குது' என்று கழற்றிப் போட்டுவிட்டார், விரல் இடுக்கெல்லாம் புண் வேறு. துறைமுகத்தில் ஒருவர் 'இம்போர்ட்டட், ஆன்டி ஸ்லிப்' என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அப்பா சொல்வதை நம்புங்கள். அவர் சாக்கு சொல்லவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்தது கான்கிரீட் போடுபவர்களுக்கும் சேற்றில் நிற்பவர்களுக்கும் செய்த பூட்ஸ். அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள், பெரிய பெரிய கட்டைகளாக, ஆழமான பள்ளங்களோடு டிராக்டர் டயர் மாதிரி இருக்கும். சேற்றில் அது கடித்துப் பிடிக்கும். படகுத் தளத்தில் கடிக்க என்ன இருக்கிறது? பெயின்ட் அடித்த பலகை அல்லது இரும்பு, அதன் மேல் தண்ணீர், மீனின் கோழை, கொஞ்சம் டீசல். அந்தக் கட்டைகளின் முனை மட்டும்தான் தளத்தில் படும், பள்ளத்தில் செதிலும் சங்காயமும் (வலையில் வரும் கழிவுப் பொடிமீனும்) போய் அடைத்துக்கொள்ளும், அரை மணி நேரத்தில் அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். போதாக்குறைக்கு மலிவு பி.வி.சி. கெட்டியாக இருக்கும், தளத்தோடு ஒட்டி அமுங்காது.

உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அடிப்பாகம் கிட்டத்தட்ட தட்டையாக இருக்க வேண்டும், அதில் பிளேடால் கீறினது போல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக, அலை அலையாக ஓட வேண்டும். கால் ஊன்றும்போது அந்த வெட்டுகளின் ஓரம் தண்ணீரை வழித்துத் தள்ளும், நம் வீட்டில் தரை துடைக்கிற ரப்பர் வைப்பர் செய்கிற வேலைதான். கடையில் கட்டைவிரல் நகத்தால் அடியை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி மறுபடி எழுந்தால் பார்க்கலாம், பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். சாதாரண இயற்கை ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டீசல் பட்டுக்கொண்டே இருந்தால் உப்பிப்போகும். நைட்ரைல் கலந்த ரப்பரோ நைட்ரைல் கலந்த பி.வி.சி.யோ கேளுங்கள், அது எண்ணெயையும் மீன் கொழுப்பையும் தாங்கும்.

இப்போது அந்த 'இம்போர்ட்டட்' ஆசாமி. வாங்காதீர்கள். 'ஆன்டி ஸ்லிப்' என்று அச்சடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அச்சு செய்கிறவனுக்கு ஐந்து நிமிட வேலை. இப்படி வருகிறவற்றில் நான் பார்த்தது மூன்று ரகம். ஒன்று, அதே ஹார்டுவேர் பூட்ஸுக்கு வேறு நிறம். இரண்டு, இறால் ஏற்றுமதி ஆலைகளில் கழித்துப்போட்ட வெள்ளை பூட்ஸைக் கழுவி விற்பது. குதிகால் பக்கம் வெட்டுகள் தேய்ந்து மழித்தது போல இருந்தால் அதுதான். மூன்றாவதுதான் மோசம், பல வருடம் குடோனில் கிடந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பூட்ஸ். பார்க்கப் புத்தம் புதிதாக, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். பி.யூ. நல்ல பொருள்தான், ஆனால் புழுக்கத்தில் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சிதைந்துகொண்டு வரும். ஒரு முறை என் மேஜைக்கு வந்த ஒரு ஜோடியை இரண்டு கையாலும் வளைத்தேன், அடிப்பாகம் ரஸ்க் மாதிரி பொடிந்து மடியில் கொட்டியது. நடுக்கடலில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்? தயாரித்த மாதமும் வருடமும் அச்சில் இல்லாத பி.யூ. பூட்ஸை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியின் உரிமம் என்று வந்துவிடும், வரவில்லை என்றால் முத்திரை போலி. ரப்பர் கம்பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி.க்கு ஐ.எஸ். 12254. இது பொருள் ஒழுங்காகச் செய்ததுதானா என்ற கேள்விக்குப் பதில். வழுக்குமா என்பதற்கு, வேலைக்கான காலணிகளின் சர்வதேசத் தர எண்ணான ஐ.எஸ்.ஓ. 20347 போட்டிருக்கிறதா பாருங்கள், பக்கத்தில் வழுக்காமைக் குறியாக பழைய சரக்கானால் எஸ்.ஆர்.சி., 2022க்குப் பிந்தைய முறைப்படி செய்ததானால் எஸ்.ஆர். என்று இருக்கும். எஃப்.ஓ. என்றும் இருந்தால் அடிப்பாகம் டீசல் தாங்கும்.

சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது. பழைய எழுத்தே கடைக்காரர்களுக்குப் புரியவில்லை, அதற்குள் மாற்றியாயிற்று. சோதனையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸிலும் கிளிசரின் தடவிய தரையிலும்தான் நடக்கிறது, கெளுத்தி மீனின் கோழையில் யாரும் இதுவரை இழுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. மொத்தமாக வாங்குகிற இடங்களிலோ டெண்டரில் யார் குறைந்த விலை சொன்னார்களோ அவர்களுடையது, எல்லாருக்கும் 8ஆம் நம்பர், முடிந்தது. 6ஆம் நம்பர் கால்காரர் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, வலை இழுக்கிற வின்ச் பக்கத்தில் நிற்பார். இதற்குப் பெயர் பாதுகாப்பு உபகரணம்!

சரி, காலில் வந்த புண். பூட்ஸ் பெரிதாக இருந்தால் கால் உள்ளே சறுக்கி உரசும், சின்னதாக இருந்தால் விரல் நெருங்கி வேர்வையில் ஊறும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விளையாட்டுக்காரர்கள் போடுகிற பாலியெஸ்டர் கலந்த சாக்ஸ் நான்கைந்து ஜோடி கொடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு மடிக்கும் நடுவில் பூட்ஸைக் கழற்றி, காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு உலரும்வரை வெறுங்காலாக உட்காரட்டும். ஈர பூட்ஸை எஞ்சின் பக்கத்தில் காயவைக்க வேண்டாம், சூட்டில் கெட்டியாகிவிடும். மழை பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடச் சொல்லுங்கள், உள்ளே செருகினால் வழிகிற தண்ணீர் முழுக்க பூட்ஸுக்குள்தான். இப்போதிருக்கும் புண் ஆறும்வரை எந்த பூட்ஸும் வேண்டாம், டாக்டரிடம் காட்டி விரலிடுக்கில் பூஞ்சைத் தொற்றா என்று கேளுங்கள்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது ஃபைபர் படகுக்கும் வாங்கிவிடுவார்கள். நான் சொன்னதெல்லாம் துறைமுகத்தில் ஏறி துறைமுகத்தில் இறங்குகிற விசைப்படகுக்கு. கரையிலிருந்து அலைக்குள் தள்ளி ஏறுகிற ஃபைபர் படகில் முழங்கால் உயர கம்பூட்ஸ் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது அது நிறைந்துவிடும், அலை வாங்கித் திரும்புகிற படகுக்கு வழிவிட்டு விலக வேண்டிய நேரத்தில் கால் எழாது. கட்டுமரத்துக்கும் அப்படித்தான். அங்கே வெறுங்கால்தான் சரி, இல்லையென்றால் தண்ணீர் தானே வடிகிற, குதிகாலில் பட்டை உள்ள ரப்பர் செருப்பு. திரும்பவும் சொல்கிறேன், கரை வலைக்காரர்களுக்கும் கம்பூட்ஸ் வேண்டாம்.

விசைப்படகில் தவறிக் கடலில் விழுந்தால் பூட்ஸ் கல் மாதிரி இழுத்து அமுக்கிவிடும் என்று அப்பா பயப்படலாம். தண்ணீருக்குள் இருக்கிற தண்ணீருக்கு எடை கிடையாது, அமுக்காது. ஆனால் காலை உதைத்து நீந்துவது கஷ்டம், மேலே ஏறும்போது நிறைந்த தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதனால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், பூட்ஸும் குதிகாலை உதறினால் கழன்று வருகிற அளவில் இருக்க வேண்டும்.

அப்புறம் தளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் எப்படியும் பெயின்ட் அடிப்பீர்கள். மடி ஏற்றுகிற இடத்திலும் வின்ச் பக்கத்திலும் மட்டும் சலித்த மெல்லிய மணலைப் பெயின்ட்டில் கலந்து அடிக்கச் சொல்லி உரிமையாளரிடம் பேசுங்கள். பளபளவென்று எனாமல் அடித்த தளத்தில் எந்த பூட்ஸும் முழுதாக நிற்காது.

அளவுக்கு அப்பா கடைக்கு வர வேண்டியதில்லை. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், சாக்ஸோடு அட்டையில் நிற்கவைத்து இரண்டு காலையும் வரைந்துகொள்ளுங்கள், ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய கால் அளவுக்கு, முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் கூட விட்டு அட்டையை வெட்டி எடுத்துப் போங்கள். பூட்ஸுக்குள் விடும்போது அட்டை எங்கேயும் மடங்காமல் தட்டையாகப் போய் உட்கார வேண்டும். ஓரம் மடங்கினால் அடுத்த நம்பர்.