கிராமப்புறத்தில் இளவேனில் கால வலசைப் பறவைகளைப் பார்க்க எப்போது, எங்கே போக வேண்டும்? புதிதாகத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

வலசை என்றதும் கார்த்திகை, மார்கழியில் பறவைகள் வந்திறங்குவதையே பலரும் நினைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் குளக்கரைகளில் பல ஆண்டுகளாகப் பறவை பார்த்துவரும் நான், அவை வடக்கே திரும்பும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே மேலாகக் கருதுகிறேன். வடகிழக்குப் பருவமழையில் பெருகிய குளம் பங்குனிக்குள் வற்றிக் கரையோரச் சேறு வெளிப்பட்டுவிடுவதால், அதுவரை சிதறிக் கிடந்த பறவைகள் எஞ்சிய தண்ணீரைச் சுற்றிக் கூடிவிடுகின்றன.

அதைவிட முக்கியமானது, இனப்பெருக்கக் காலத்துக்குரிய நிறத்தைப் பல பறவைகள் இங்கேயே பூணத் தொடங்குகின்றன என்பதாகும். தை மாதத்தில் மங்கலாகத் திரிந்த மஞ்சள் வாலாட்டி, பங்குனி பிறந்தபின் மேயும் ஆடுகளின் கால்களுக்கிடையே ஓடி, புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியைக் கொத்தும்போது, தொண்டை முதல் வாலடி வரை மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருக்கும். சைபீரியாவின் தூந்திரத்துக்கு, அதாவது மரங்களற்ற குளிர்ச் சமவெளிக்கு, திரும்பவிருக்கும் பொன்னிற உப்புக்கொத்தியின் வெளிறிய வயிற்றில் முதலில் நாலைந்து கரும்புள்ளிகள் தோன்றும். வாரங்கள் செல்லச் செல்ல அவை ஒன்றோடொன்று சேர்ந்து, முகத்திலிருந்து வயிறு வரை கருமை பரவிவிடும். ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இந்த மாற்றம் கண்ணில் படும்.

எனவே, சரணாலயத்தைத் தேடிப் போவதைவிட உங்கள் ஊர்க் குளத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தை ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால், இமயத்தைக் கடந்து வந்துபோகும் வரித்தலை வாத்துகளைக் காண விரும்பினால் குளிர்காலத்திலேயே போய்விடுங்கள். அங்கே மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் வெளிநாட்டுப் பறவைகள் என்று சொல்லக் கேட்பீர்கள். அவை நம் நாட்டிலேயே குஞ்சு பொரிப்பவை. வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை.

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்புறம் இருக்கும், நிறங்கள் தெளியும். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரே கரையில், ஒரே நேரத்தில் நின்று, கண்டவற்றைத் தேதியோடு எழுதுங்கள். எதிர்பார்த்த பறவை இல்லையென்றால் 'இல்லை' என்பதையும் எழுதுங்கள். பறவை வந்த நாளைப் பலரும் குறித்துவைக்கிறார்கள். ஆனால், இன்று பார்த்ததுதான் இந்தப் பருவத்தின் கடைசிப் பறவை என்று அன்றே யாருக்கும் தெரியாதாகையால், அது போன நாள் பெரும்பாலும் பதிவாவதில்லை. கடந்த ஏப்ரலில் என் குறிப்பேட்டில், 19ஆம் தேதி மடைக்கு மேலுள்ள மின்கம்பியில் மூன்று தகைவிலான்கள். 22ஆம் தேதி ஒன்று. 25, 29 தேதிகளில் 'இல்லை'. அந்த இரண்டு 'இல்லை'களும் இருப்பதால்தான், அவை 22ஆம் தேதியை ஒட்டிக் கிளம்பியிருக்கும் என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது.