பத்து நிமிடப் பொம்மை

அன்புள்ள ஐயா,

பனையோலைக் காற்றாடி, நுங்கு வண்டி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு கண்காட்சியில் என் ஏழு வயது மகனுக்கு ஓலைக் காற்றாடி வாங்கித் தந்தேன். பத்து நிமிடம் சுற்றினான், அப்புறம் அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தப்பாக நினைக்காதீர்கள், நாம்தான் அந்தக் காலத்தை ஊதிப் பெரிதாக்குகிறோமோ?

கே.

அன்புள்ள கே.,

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. நாங்களும் பத்து நிமிடத்தில்தான் தூக்கிப் போட்டோம். பூவரச இலையில் சுருட்டிய பீப்பீ நாலு ஊது ஊதினால் எச்சிலில் நைந்துவிடும், காற்றாடியில் கருவேல முள் குத்திய ஓட்டை ஓடஓடப் பெரிதாகி ஓலை கழன்று விழும். அதற்காக யாரும் அழுததில்லை, அடுத்ததைச் செய்ய உட்கார்ந்துவிடுவோம். விளையாட்டில் பாதிக்கு மேல் செய்வதில்தான் இருந்தது. உங்கள் மகனுக்கு அந்தப் பாதியை வேறு யாரோ விளையாடி முடித்துவிட்டு மீதியை விற்றிருக்கிறார்கள்.

நுங்கு வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் நுங்கு வெட்டுகிற இடத்தில் காத்துக் கிடந்து, மூன்று கண்ணையும் கட்டைவிரலால் தோண்டித் தின்றபின், குவியலில் ஒரே அளவாக இரண்டு மட்டை தேற்ற வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு வேலிக்குள் போகும். இரண்டையும் சேர்க்கிற குச்சி நட்டநடுவில் இறங்கவில்லையென்றால் குதித்துக் குதித்து ஓடும். பின்னாலிருந்து தள்ளுகிற கவட்டைக் கம்பு குட்டை என்றால் முதுகு வளையும். இதெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை, வேலியில் விழுந்து தெரிந்துகொண்டதுதான். சில நாளில் மட்டை சுருங்கிக் குச்சி ஆட ஆரம்பிக்கும், வண்டிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

ஊதிப் பெரிதாக்குவதும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். காசு இல்லாததால்தான் செய்தோம். திருவிழாவில் சாவி கொடுக்கிற கார் வாங்கி வந்த பையன் பின்னால் தெருவே போனது, நானும்தான் போனேன். வாங்கித் தருவதும் ஒன்றும் புதிதில்லை. குறுந்தொகையின் 61ஆவது பாட்டில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிப் போக முடியாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே சந்தோஷப்படுகிற பிள்ளைகள் வருகிறார்கள். ஆக, கண்காட்சியில் வாங்கியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பூவரச மரத்தடியில் அவனோடு உட்காருங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு இலையை இறுக்கமாகச் சுருட்டி, வாயில் வைக்கிற நுனியை விரலால் லேசாக நசுக்கி ஊத வேண்டும். முதல் நாலைந்தில் வெறும் காற்றுதான் வரும், அவசரப்பட்டு அவன் கையிலிருந்து வாங்கி நீங்கள் ஊதிவிடாதீர்கள்.